கார் ஏசியில் கேஸ் 'தீராது'



மூன்று நாளாக ஒரு வீடியோ நம் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய மாணவர் குழுவில் ஒருவர் போட்டார், சொந்தக்காரர்கள் குழுவில் இரண்டு பேர் போட்டார்கள். ஒரு தம்பி பானட்டைத் திறக்கிறார், ஒரு சின்ன டப்பாவைக் குழாயில் மாட்டுகிறார், திருகுகிறார், 10 நிமிஷத்தில் ஏசி ஜில்லென்று வருகிறதாம். "மெக்கானிக்குக் கொடுக்கிற காசு மிச்சம், வீட்டிலேயே கேஸ் நிரப்பலாம்" என்று தலைப்பு. கீழே கட்டைவிரல்களும் கைகூப்பல்களும். குழுவில் நான்கு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். 40 நிமிஷ வகுப்பில் உட்கார்ந்து பழகியவர்கள்தானே நீங்கள், உட்காருங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார் ஏசியில் கேஸ் தீராது. பெட்ரோல் தீரும், ஏனென்றால் அது எரிகிறது. ஏசியில் எதுவும் எரிவதில்லை. மூடிய குழாய்க்குள் ஒரே பொருள் திரவமாகி, ஆவியாகி, மறுபடி திரவமாகிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏழாம் வகுப்பில் உங்கள் புறங்கையில் ஸ்பிரிட் தடவி ஊதச் சொன்னேன், நினைவிருக்கிறதா? ஆவியாகும் திரவம் தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதே வேலைதான் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் நடக்கிறது. ஸ்பிரிட்டுக்குப் பதில் அங்கே பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ என்ற பொருள். சாதாரண காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். உள்ளே வாங்கிய வெப்பத்தை, காரின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் கொண்டுபோய் வெளியே விடுகிறது. சுற்றிச் சுற்றி இவ்வளவுதான்.

ஆகவே கேஸ் குறைந்திருக்கிறது என்றால் அது எங்கோ கசிந்திருக்கிறது. ரப்பர் குழாய் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் வருஷத்துக்குச் சில கிராம் கசிவது இயல்பு. அது பல வருஷம் கழித்துத்தான் தெரியும். ஒவ்வொரு சித்திரைக்கும் குளிர்ச்சி போகிறது என்றால் அது இயல்பு இல்லை, ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அடுத்த வாரமும் ஊற்ற வருகிறேன் என்று சொல்வது மாதிரி.

இந்த வீடியோ எடுத்த தம்பி மீது எனக்குக் கோபம் குறைவுதான், ஆச்சரியப்படாதீர்கள். வீடியோ பிறந்ததே பட்டறைகள் மீது ஜனங்களுக்கு நம்பிக்கை போனதால்தான். "சார், கேஸ் தீர்ந்துபோச்சு, டாப்-அப் பண்ணிடலாம்" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாக்கியத்தை நம்பியவர்தான் "அதை நானே செய்துகொள்கிறேனே" என்று டப்பா வாங்குகிறார். இரண்டு பேரும் செய்வது ஒரே தப்பு. ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு செய்கிறார், இன்னொருவர் இலவசமாகச் செய்துகொள்கிறார்.

என்னிடம் படித்த ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். ஆசிரமங்களுக்கு வருகிறவர்களைச் சென்னை விமான நிலையத்துக்கும், செங்கம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருக்கும் கொண்டுபோய் விடுவது அவர் பிழைப்பு. ஏசி இல்லாவிட்டால் சவாரி இல்லை. நான்கு கோடையாக ஒரு பட்டறையில் கேஸ் ஏற்றிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது முறை என்னிடம் சொன்னபோது, பானட்டைத் திற, ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும் ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ஷும் எடுத்து வா என்றேன். கேஸ் ஏற்றும் வாய் இரண்டில் ஒன்றுக்கு பிளாஸ்டிக் மூடியே இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு அந்த வாயில் நுரையைத் தடவினோம். மெதுவாக, பால் பொங்க ஆரம்பிக்கிற மாதிரி, குமிழ் வந்தது. சைக்கிள் டியூப்பில் இருக்கிற மாதிரி ஒரு குட்டி ஊசி வால்வு அது. ஒவ்வொரு வருஷமும் கேஸ் ஏற்றியவர் கை வைத்த அதே இடத்தில்தான் ஓட்டை. பிறகு அவர் வேலூரில் ஒரு இடத்தில் மீதி கேஸை மெஷினில் இழுத்து எடுத்து, வால்வை மாற்றி, வேக்யூம் போட்டு, எடை பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த வால்வின் விலை ஒரு வேளை டிபன் காசு. நான்கு வருஷம் கொடுத்த பணத்தில் அவர் பெண்ணுக்கு ஒரு வருஷப் பள்ளிச் செலவு போயிருக்கும்.

ஏசி என்பது சொகுசு, அதற்கு இவ்வளவு பேச்சா என்று சில பெரியவர்கள் கேட்பீர்கள். நம் ஊர் அக்னித் தலம், வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ஓட்டுநருக்குக் கார்தான் அலுவலகம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசே விதி போட்டிருக்கிறது. நாளைக்கு லாரி ஓட்டுகிற நம் பிள்ளைகளிடமும் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்ற வசனம் வரும். அதற்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீடியோவில் அந்தத் தம்பி ஒரு மீட்டரைக் காட்டி, "முள் பச்சைக்கு வந்துவிட்டது, கேஸ் ஃபுல்" என்கிறார். இதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டில் சமையல் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? தூக்கிப் பார்ப்போம், ஆட்டிப் பார்ப்போம். ஏன், அழுத்தத்தை அளந்து பார்ப்பதில்லை? உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை, சிலிண்டர் நிறைந்திருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அது வெப்பநிலையைப் பொறுத்தது, அளவைப் பொறுத்தது அல்ல. கார் ஏசியும் அப்படியே. நின்றுகொண்டிருக்கும் காரில் மீட்டர் வைத்தால் அது அன்றைய வெயிலைத்தான் சொல்லும். ஓடும்போது வரும் அழுத்தமும் வெயில், ஃபேன், இன்ஜின் வேகம் எல்லாவற்றோடும் மாறும். உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று சொல்லும் கருவி ஒன்றே ஒன்று, தராசு.

பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் எழுதியிருக்கும். நம் ஊரில் ஓடும் பல சின்னக் கார்களுக்கு அரைக் கிலோகூட வேண்டாம். இருப்பது எவ்வளவு என்று தெரியாமல் அதற்கு மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்தால் அளவு கூடிப்போகும். கூடினால் குளிர் கூடும் என்று நினைப்பவர்களுக்கு: குறையும். கண்டென்ஸரில் திரவம் தேங்கி அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் திணறும். ஆவியை அழுத்துவதற்காகச் செய்த இயந்திரத்துக்குள் திரவம் போனால் உள்ளே உடையும். மருந்து கசந்தாலும் பரவாயில்லை என்று இரட்டிப்பாகக் குடிக்கிற கதை.

இன்னொரு விஷயம் காற்று. டப்பாவின் குழாயில் இருக்கிற காற்றும், மழைக்கால ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். காற்று திரவமாகாது, கண்டென்ஸரில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் மெல்லிய துவாரத்தில் பனியாக உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ஒழுங்கான இடத்தில் கேஸ் ஏற்றுவதற்கு முன் அரை மணி நேரமாவது வேக்யூம் பம்ப் ஓடுவதற்குக் காரணம் இதுதான். பம்பை நிறுத்தியபின் முள் நகராமல் நிற்கிறதா என்றும் பார்ப்பார்கள். நகர்ந்தால் ஓட்டை இருக்கிறது. "10 நிமிஷத்தில் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், எந்த வேலையை அவர் விட்டுவிட்டார் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். காரின் டயரில் 30 பிஎஸ்ஐக்குச் சற்றுக் கூடுதலாகக் காற்று அடிப்போம். 35 டிகிரி வெயிலில் ஏசியைப் போடாமல் சும்மா நிற்கும் காரிலேயே அந்தக் குழாய்க்குள் 110 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். ஏசி ஓடும்போது அதிக அழுத்தப் பக்கம் 200-ஐச் சுலபமாகத் தாண்டும். அந்தப் பக்கத்தில் தெரியாமல் டப்பாவைத் திறந்துவிட்டால், கேஸ் டப்பாவிலிருந்து காருக்குப் போகாது, காரிலிருந்து டப்பாவுக்கு வரும். தகர டப்பா அதைத் தாங்காது. திரவம் விரலில் பட்டால் சதை உறையும், கண்ணில் பட்டால் கண் போகும். நெருப்பில் பட்டால் அது விஷ வாயுவாகச் சிதையும், அதனால் பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. வீடியோவில் கண்ணாடியும் இல்லை, கையுறையும் இல்லை, லுங்கியை மடித்துக் கட்டியிருக்கிறார்!

இதைவிட மோசமான இரண்டு யோசனைகளும் உலவுகின்றன. ஒன்று, சமையல் கேஸையே ஏற்றுவது. குளிரத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கூலிங் காயில் இருப்பது நீங்கள் உட்காரும் இடத்தில். அங்கே கசிந்தால் மூடிய காருக்குள் எரிவாயு நிரம்பும், ஒரு பொறி போதும். இரண்டாவது, கம்ப்ரஸர் ஓடவில்லை என்றால் பிரஷர் ஸ்விட்ச்சை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. அந்த ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்துவதே அதைக் காப்பாற்றத்தான். கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் எண்ணெயும் வராது, வறண்டு தேய்ந்து இறுகிவிடும். தேய்ந்த உலோகத் தூள் குழாய் முழுக்கப் பரவும். அப்புறம் ஆயிரங்களில் பேசிக்கொண்டிருந்த பில் பல ஆயிரங்களாகும்.

எலெக்ட்ரிக் கார் வாங்கிய மருமகப்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வரி: உங்கள் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது, அதற்கு எண்ணெயும் வேறு. ஆரஞ்சு நிற ஒயர் எங்கே இருக்கிறதோ அங்கே கையை வைக்காதீர்கள்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். "மாமா, இங்கே கடையிலேயே டப்பா விற்கிறார்கள், நாங்களே ஏற்றுகிறோம், நீங்கள் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?" என்று எழுதியிருக்கிறான். விற்கிறார்கள், சரிதான். ஆனால் அதே நாட்டில் இந்த கேஸைத் தெரிந்தே காற்றில் திறந்துவிடுவது 1995-லிருந்து சட்டப்படி குற்றம். 2018-லிருந்து அங்கே வரும் சிறு டப்பாக்களுக்குத் தானே மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயம். கலிபோர்னியாவில் டப்பா ஒன்றுக்கு 10 டாலர் முன்பணம் பிடித்துக்கொண்டு, காலி டப்பாவைத் திருப்பித் தந்தால்தான் கொடுக்கிறார்கள். அங்கே காசு வாங்கிக்கொண்டு கார் ஏசியைத் திறந்து வேலை செய்ய மெக்கானிக்குச் சான்றிதழ் வேண்டும். இதையும் சேர்த்துச் சொல், தம்பி. டப்பாவை மட்டும் இறக்குமதி செய்யாதே.

காற்றில் திறந்துவிடுவதைப் பற்றிச் சொன்னேன். செப்டம்பர் 16 வந்தால் ஓசோன் தினம் என்று சார்ட் ஒட்டினோமே, குடை பிடித்த பூமி படம் வரைந்து! மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974-ல் எச்சரித்தது, 1987-ல் மான்ட்ரியால் ஒப்பந்தம் வந்தது எல்லாம் ஒப்பித்தீர்கள். அப்போதைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோனைத் தின்றது, அதை உலகமே விட்டுவிட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது அசுரன். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதில் 1 கிலோ, 1430 கிலோ கார்பன்-டை-ஆக்சைடுக்குச் சமம் என்பது ஐ.பி.சி.சி.யின் நான்காவது அறிக்கைக் கணக்கு. ஒரு சின்னக் காரின் 400 கிராமைப் 'புஸ்ஸ்' என்று திறந்துவிட்டால் 572 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 250 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 3700 கிலோமீட்டருக்கு மேல். இங்கிருந்து காசிக்குப் போய்த் திரும்புகிற தூரம் கிட்டத்தட்ட. அந்த ஒரு 'புஸ்ஸ்'ஸில்!

நாம் வெயிலுக்குப் பயந்து ஏசி போட்டு, அந்த ஏசி கேஸை ஆகாயத்தில் விட்டு, வெயிலைக் கூட்டி, மறுபடி கேஸ் ஏற்றப் போகிறோம். 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் இந்த வகை வாயுக்களைக் குறைக்க உலக நாடுகள் உடன்பட்டன, இந்தியா 2021-ல் அதை ஏற்றது. 2028-ல் நமக்கு உச்சவரம்பு வருகிறது, 2032-லிருந்து படிப்படியாகக் குறைக்க வேண்டும். கேஸ் அரிதாகும்போது விலை என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் வீட்டில் ஒன்றுமே தொடக்கூடாதா? அப்படிச் சொல்கிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. பொருளை வாங்கியவன் அதைத் திறந்து பார்க்கக்கூட பயப்பட வேண்டும் என்பது கம்பெனிக்காரர்களுக்கு வசதியான பேச்சு. குழாயைத் திறக்காத எல்லா வேலையும் உங்களுடையது. குளிர்ச்சி குறைந்த கார்களில் எத்தனையோ கேஸ் குறையாத கார்கள்.

பல கார்களில் இடதுபக்க டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் பின்னால் ஏசி ஃபில்டர் இருக்கும். கையால் இழுத்தால் வந்துவிடும். நம் கிரிவலப் பாதைப் புழுதியில் ஒரு வருஷம் ஓடிய ஃபில்டரை எடுத்துப் பாருங்கள், அடுப்பங்கரைக் கரித்துணி தோற்றுவிடும். காற்றே வராதபோது குளிர் எங்கிருந்து வரும்? அடுத்து கண்டென்ஸர். காரின் முகப்பில் பூச்சி, சருகு, பாலிதீன் எல்லாம் அப்பிக்கிடக்கும். இன்ஜின் ஆறியபின் தோட்டக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கும். பிறகு ஃபேன். இதை நம் ஊர்க்காரர்கள் பௌர்ணமியன்றே கண்டுபிடித்துவிடலாம். செங்கம் சாலையில் ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, கிரிவல நெரிசலில் நின்றால் வெந்நீர்க் காற்று வருகிறது என்றால் சந்தேகம் முதலில் ஃபேன் மீதும் அழுக்கு மீதும் விழ வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்ஸரை ஆற்றுகிறது, நிற்கும்போது ஃபேன்தான் ஆற்ற வேண்டும். ஏசி போட்டதும் அது சுழல்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள், விரலை நீட்டாதீர்கள். சுழலவில்லையென்றால் கையேட்டைப் பார்த்து ஃபியூஸைச் சோதியுங்கள். ஃபியூஸ் விலை டீ விலை.

காலடியில் தண்ணீர் தேங்கினால் அது கேஸ் கசிவு அல்ல, வடிகுழாய் அடைப்பு. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி ஒட்டியிருந்தால் அங்கே கசிகிறது என்று அர்த்தம், ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். சோப்பு நுரைச் சோதனையை மேலே சொன்னேன். கேஸ் ஏற்றும் வாய்களின் மூடி இரண்டும் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தபின்னும் குளிரவில்லையென்றால் பட்டறைக்குப் போங்கள். போய் ஐந்து கேள்வி கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஓட்டை எங்கே என்று பார்த்தீர்களா? உள்ளே இருந்த கேஸை மெஷினில் எடுத்தீர்களா, வெளியே விட்டீர்களா? எத்தனை கிராம் வந்தது? வேக்யூம் எவ்வளவு நேரம் போட்டீர்கள்? ஸ்டிக்கரில் உள்ளபடி எத்தனை கிராம் ஏற்றினீர்கள்? இந்தக் கணக்கு பில்லில் இருக்க வேண்டும். "ஏசி கேஸ்" என்று ஒற்றை வரியில் ஒரு தொகை எழுதித் தந்தால் வாங்காதீர்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் வண்டியை விடவும் வேண்டாம்.

பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களே, இதைப் படித்துவிட்டு "சார் எங்கள் வயிற்றில் அடிக்கிறார்" என்று நினைக்காதீர்கள். ஓட்டையைக் கண்டுபிடிப்பது கேஸ் ஏற்றுவதைவிடப் பெரிய வித்தை, அதற்குக் கூலி கூட்டியே கேளுங்கள், நான் கொடுக்கச் சொல்கிறேன். தராசும் வேக்யூம் பம்பும் வைத்துக்கொள்ள முடியாத பட்டறை கிடையாது. கேஸை இழுத்து எடுக்கும் மெஷின் விலை அதிகம், தெரியும். நான்கைந்து பட்டறை சேர்ந்து ஒன்று வாங்கி முறை வைத்துக்கொள்ளலாமே? நெல் அறுக்கிற மெஷினை ஊரே முறை வைத்து ஓட்டுகிறது.

திருவண்ணாமலை, செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர் பக்கம் அந்த மெஷின் வைத்து, எடை போட்டு வேலை செய்கிறவர்கள் யாராவது நம் பிள்ளைகளில் இருந்தால் கமெண்டில் கடை இருக்கும் தெருவைப் போடுங்கள். வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி அதை மேலே சேர்த்துவிடுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணியிலிருந்து 10 வரை வீட்டில்தான் இருப்பேன். ஃபில்டர் கழற்றத் தெரியாதவர்கள் வண்டியோடு வாருங்கள், சோப்புத் தண்ணீர் நான் கரைத்து வைக்கிறேன்.